முதல் கைக்கோடாரி: துளையைச் சரியாகப் போடுங்கள்

உலையில் இரும்பைக் காய்ச்சிக் கொக்கி, உளி, சின்னக் கத்தி என்று அடித்துப் பழகியவர்களுக்கும் கைக்கோடாரி புது வேலைதான். பிடி நுழையும் துளைதான் காரணம். என் முதல் கோடாரியை மதிப்பிட்ட பயிற்றுநர் அலகின் கூர்மையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முதலில் துளை வழியாகத்தான் பார்த்தார். துளை அலகின் கோட்டிலிருந்து சற்றுத் திரும்பினாலும் பிடி கோணலாகிவிடும். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் வெட்டு நேராக விழாது.

உலையை மூட்டுவதற்கு முன் களிமண்ணில் ஒரு தடவை செய்து பாருங்கள். இரும்புக் கட்டியின் அதே அளவில் களிமண்ணைப் பிடித்து, அதே வரிசையில் அடித்தால் எந்தப் பக்கம் தட்டினால் எந்தப் பக்கம் நீளும் என்பது கைக்குப் புரிந்துவிடும். சூடான இரும்பும் ஏறக்குறைய அப்படித்தான் நகரும்.

எஃகு விஷயத்தில் 1045 என்ற தர எண் கொண்டது போன்ற நடுத்தரக் கார்பன் எஃகே முதல் வேலைக்குப் போதும். அதில் கார்பன் சுமார் 0.45 சதவீதம். 32 மி.மீ. சதுரக் கம்பியில் 90 மி.மீ. நீளம் வெட்டினால் 700 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். கட்டுமானத்துக்கான சாதாரண இரும்பில் கார்பன் குறைவு, தோய்ச்சல் (காய்ச்சி முக்கிக் கடினமாக்குவது) ஏறாது. துத்தநாகம் பூசிய இரும்பை உலைப்பக்கமே கொண்டுவராதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும். பழைய சுத்தியல் தலையைக் கோடாரியாக அடிக்கும் சுருக்குவழியும் உண்டு. தப்பில்லை, ஆனால் அதில் துளை ஏற்கெனவே இருப்பதால் கற்க வேண்டியதில் பாதி கைவிட்டுப் போகும்.

துளையின் நடுக்கோட்டை இரும்பு ஆறியிருக்கும்போதே இருபக்கமும் ஆழமாகப் புள்ளி குத்திக் குறியுங்கள். சாக்பீஸ் கோடு நெருப்பில் நிற்காது. இரும்பு நல்ல ஆரஞ்சு நிறத்துக்கு வந்ததும் துளையுளியை நிமிர்த்திப் பிடித்து அடியுங்கள். மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை உளியை எடுத்துத் தண்ணீரில் குளிர்வியுங்கள். குழிக்குள் ஒரு சிட்டிகை கரித்தூள் போட்டால் உளி சிக்காது. பாதி ஆழத்துக்கு மேல் இறங்கியதும் கட்டியைப் புரட்டிப் பாருங்கள்: உளியின் முனை அருகில் வந்த இடத்தில் சூடு குறைந்து மங்கலான ஒரு பட்டை தெரியும். அதன் மேலேயே உளியை வைத்து மறுபக்கத்திலிருந்து அடித்தால் உள்ளே இருக்கும் துண்டு தெறித்து விழும். அந்தப் பட்டை குறித்த இடத்தில் இல்லையென்றால் துளை சாய்கிறது என்று அர்த்தம். திருத்த அதுவே சமயம்.

அடுத்து நீள்வட்டக் கம்பியை மேலிருந்தும் கீழிருந்தும் மாறி மாறி இறக்கி விரியுங்கள். அப்போதுதான் துளை நடுவில் ஒடுங்கி இருபுறமும் அகலும், ஆப்பு அடித்த பிடி கழன்று வராது.

அலகை நீட்டுவது ஒப்பீட்டளவில் சுலபம். சுத்தியலின் ஒடுங்கிய முனையால் அடித்துப் பரப்பி, தட்டை முகத்தால் சமன் செய்யுங்கள். நிறம் மங்கிய சிவப்புக்கு இறங்கினால் அடிப்பதை நிறுத்துங்கள். விளிம்பை 2 மி.மீ. தடிமனிலேயே விட்டுவிடுங்கள், தோய்ச்சலுக்கு முன்பே மெலிந்தால் வளையும், விரிசலும் விழும்.

தோய்ச்சலுக்கு முன் இரண்டு மூன்று தடவை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிடுங்கள். அடிபட்ட இறுக்கம் தளரும். பிறகு அலகின் கீழ்ப்பகுதியை மட்டும் காய்ச்சுங்கள். சுமார் 770 டிகிரியில் காந்தம் ஒட்டாமல் போகும். அதற்குக் கொஞ்சம் மேலே ஏற்றி உடனே முக்குங்கள். 1045-க்கு வெதுவெதுப்பான தண்ணீர் சரி. 5160 போன்ற ஸ்பிரிங் எஃகு என்றால் எண்ணெய்தான். எண்ணெய் தீப்பிடித்தால் அணைக்க உலோக மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். நிறத்தை மங்கலான இடத்தில் நின்று பாருங்கள், வெயிலில் கண் ஏமாற்றும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இனிமேல்தான். தோய்த்த அலகு கண்ணாடிபோல நொறுங்கக்கூடியது. தாமதிக்காமல் பதம் இறக்க வேண்டும், அதாவது மிதமாகச் சூடேற்றி அந்த நொறுங்கும் தன்மையைக் குறைக்க வேண்டும். விளிம்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, பழுக்கக் காய்ச்சிய கம்பியைத் துளைக்குள் செருகுங்கள். சூடு துளையிலிருந்து அலகை நோக்கி நகரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பின்னால் பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் வரிசையாக ஊரும். விளிம்பில் பழுப்பும் ஊதாவும் கலக்கும்போது, ஏறத்தாழ 260 முதல் 280 டிகிரியில், தண்ணீரில் முக்கி நிறுத்துங்கள்.

பிடியைப் போட்டுத் தீட்டியதும் காய்ந்த கட்டையில் ஓங்கி வெட்டி, விளிம்பை உற்றுப் பாருங்கள். சில்லு பெயர்ந்திருந்தால் பதத்தை இன்னும் இறக்க வேண்டும். மடிந்திருந்தால் தோய்ச்சல் போதவில்லை, மறுபடி காய்ச்சித் தோய்க்கலாம். துளை நேராக இருக்கும்வரை இரண்டையுமே சரிசெய்துவிட முடியும்.