நெறிகட்டியின் வேர்

“வாயில ஒரு புண்ணுகூட இல்லையே சார், அப்புறம் இது எங்கேருந்து வந்துச்சு?” என்றார் குடியாத்தத்துத் தறிக்காரர். வலது தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு நெறிகட்டி, வலி இல்லை. கழுத்தில் நெறி கட்டினால் நம் பக்கத்தில் முதலில் காசநோயைத்தான் நினைப்பார்கள். இவருக்கோ ஊசிப் பரிசோதனைகூடச் செய்யாமல் ஐந்து மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

வேலூரில் நாங்கள் ஊசி போட்டுப் பார்த்தபோது வாய், தொண்டையின் உள்தோலில் தொடங்கும் செதிள் செல் புற்று; எச்பிவி வைரஸோடு தொடர்புள்ள புற்றுக்கு அடையாளமான பி16 புரதமும் பாசிட்டிவ். அப்படியென்றால் வேர், அதாவது புற்று முதலில் தொடங்கிய இடம், பெரும்பாலும் டான்சிலில் இருக்கும், இல்லையென்றால் அடிநாக்கில். சோதனைக்குத் தொண்டையில் சதை எடுப்பதற்கு முன்பே பெட் சிடி, அதாவது புற்று ஒளிர்ந்து தெரியும் ஸ்கேன், எடுத்துவிட வேண்டும். வெட்டிய காயமும் ஸ்கேனில் ஒளிர்ந்து நம்மை ஏமாற்றும். இவருக்கு இரண்டு டான்சிலும் ஒரே மாதிரி லேசாக ஒளிர்ந்தன. எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மயக்கம் கொடுத்ததும் நான் முதலில் நம்புவது விரலைத்தான். கண்ணுக்கும் எண்டோஸ்கோப்புக்கும் தப்பும் கெட்டி, அடிநாக்கைத் தடவினால் சில நேரம் தட்டுப்படும். அன்று எதுவும் தட்டுப்படவில்லை. டான்சிலில் ஆழமான குழிகள் உண்டு. புற்று அதன் அடியில் ஒளிந்திருக்கும். மேலே கிள்ளி எடுத்தால் அகப்படாது. அதனால் வலது டான்சிலை முழுதாகவே எடுத்து அனுப்பினேன். அதிலும் இல்லையென்றால் அடிநாக்கின் நிணத்திசுவை வாய் வழியாகவே ரோபோ அல்லது லேசர் கொண்டு சீவி எடுக்கலாம். ஆனால் சுற்றிலும் ஒரே மூச்சில் எடுத்தால் தழும்பு இறுகித் தொண்டை குறுகிவிடும். அங்கே பேராசை கூடாது.

எல்லாம் செய்தும் சிலருக்கு வேர் தெரிவதே இல்லை. அப்போது தொண்டை முழுக்க, பெரும்பாலும் இரு பக்கமும், கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க நேரும். அதில் எச்சில் வற்றிப்போனவருக்குக் களி உருண்டை தொண்டையில் இறங்காது. அதனால்தான் இவ்வளவு தேடுகிறோம்.

டான்சிலை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்து நோய்க்கூறியல் துறையினர் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: குழியின் அடியில் நான்கு மில்லிமீட்டர். வார்டுக்குப் போய்ச் சொன்னேன். ஒரு பக்கம் மட்டும் கரண்ட் வைத்தால் போதும் என்பதையும் சொன்னேன்.

கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அளவு காட்டினார். “ஒரு நூல் முடிச்சு அளவா சார்?”

“அவ்வளவுதான்யா.”