சரிவில் பழகிய பந்து: ஜெர்மனி பயண நாட்குறிப்பு

மே 12, 2024, ஞாயிறு

ஒரு கால்பந்துச் சங்கத்தின் அழைப்பில் ஜெர்மனிக்குப் புறப்பட இன்னும் இரண்டு நாட்கள் இருக்கின்றன. கடைசிப் பயிற்சி இன்று மாலை முடிந்தது. கோத்தகிரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, தேயிலைத் தோட்டத்தின் நடுவே, தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளுக்கு மேலே இருக்கிறது எங்கள் மைதானம். அதன் மேற்கு ஓரம் கிழக்கு ஓரத்தைவிட ஓர் ஆள் உயரம் மேடு என்று நாங்கள் சொல்வது வழக்கம். கிழக்கு எல்லைக்கோட்டைத் தாண்டிய பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு போய்விடும் என்பதால், ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் ஒரு பெண் கீழ்வரிசையில் பந்து எடுத்துக்கொடுக்க நின்றாக வேண்டும். மழைக்காலத்தில் அந்த வேலைக்கு யாரும் போக மாட்டார்கள். காலெல்லாம் அட்டை ஏறிவிடும். மாலை ஐந்தரைக்குள் பயிற்சியை முடித்துவிடுவோம். வெளிச்சம் குறைந்ததும் காட்டுமாடுகள் மேய வந்துவிடும், சில நாட்களில் கரடியும் வரும்.

நான் பயிற்சி கொடுக்கும் அணியில் பதினைந்து வயதுக்கு உட்பட்ட பெண்கள் பதினான்கு பேர். பெரும்பாலோர் கொழுந்து பறிக்கும் தாய்மாரின் மக்கள். அவர்களில் சிலருடைய தாத்தா பாட்டிகள் 1964ஆம் ஆண்டில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் குடியேறியவர்கள். இரண்டு பேர் இந்த மலையின் படகர் சமூகத்துப் பெண்கள். பிள்ளைகளின் பெயரை எழுத மாட்டேன் என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்; ஆடும் இடத்தைச் சொல்லியே குறிப்பிடுவேன்.

வலது பின்களத்தில் ஆடும் பெண்ணுக்குக் கடவுச்சீட்டு கிடைப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தந்தை குடும்பத்தைவிட்டுப் போய் ஆண்டுகள் ஆகின்றன. அவர் கையெழுத்து இல்லாமல் ஓர் அலுவலகத்திலிருந்து நான்கு முறை திரும்பி வந்தோம். போக்குவரத்துச் செலவுக்கே அவளுடைய பாட்டி தோட்டை அடகு வைத்தார். இதை இங்கே எழுதி வைப்பதற்குக் காரணம் உண்டு, பின்னால் எழுதுகிறேன்.

மே 14, செவ்வாய்

வழியில் இருக்கும் பந்திப்பூர் வனச்சாலை இரவு ஒன்பது மணிக்கு மூடப்பட்டுக் காலை ஆறுக்குத்தான் திறக்கும் என்பதால், நள்ளிரவுக்குப் பிறகான விமானத்தைப் பிடிக்கக் காலையிலேயே வேன் ஏறினோம். உதகையில் மலர்க்காட்சிக் கூட்டம். போன வாரம் தொடங்கிய இ-பாஸ் (மலைக்கு வரும் வண்டிகளுக்கான இணைய அனுமதிச் சீட்டு) சோதனையால் எதிர்த்திசையில் வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. கூடலூர், தெப்பக்காடு, மைசூர் வழியாகப் பெங்களூரு விமான நிலையம் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பதினான்கு பேரில் ஒருவரும் இதற்குமுன் விமானத்தை அருகில் பார்த்ததில்லை.

மே 15, புதன்

பிராங்க்ஃபர்ட். எங்களை அழைத்திருக்கும் சங்கத்தின் இரண்டு வேன்கள் வெளியே காத்திருந்தன. ஒன்றை ஓட்டி வந்தவர் தச்சர், மற்றொன்றை ஓட்டியவர் பள்ளி ஆசிரியை. இருவருமே அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, டூபிங்கன் நகரத்துக்கு அருகில், நெக்கர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது அந்தச் சிறிய ஊர். பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக ஏழு வீடுகளில் தங்கவைத்தார்கள். இரவு உணவுக்கு அவர்கள் வட்டாரத்துப் பண்டமான பருப்பும் மாவுருண்டை போன்ற ஒரு நூடுல்ஸும் பரிமாறினார்கள். "மிஸ், நம்ம பருப்புதான் மிஸ்" என்று கோல்கீப்பர் தொலைபேசியில் சொன்னபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

மே 16, வியாழன்

முதல் பயிற்சி. இன்று கற்றுக்கொண்டதை விரிவாக எழுதியாக வேண்டும்.

எங்கள் கோல்கீப்பர் உதைத்தால் பந்து நடுக்கோட்டைத் தாண்டி விழும். எங்கள் ஆட்டத்தின் பாதி அந்த உதையை நம்பித்தான் இருக்கிறது. இன்று அவள் உதைத்த பந்தெல்லாம் நான்கைந்து மீட்டர் முன்னதாகவே விழுந்தது. அவளுக்குக் காலில் ஏதோ கோளாறு என்று பயம் வந்துவிட்டது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு, அதனால் பந்தைத் தடுக்கும் விசையும் குறைவு. இந்தப் பள்ளத்தாக்கோ நானூறு மீட்டருக்கும் கீழே இருக்கிறது. அடர்ந்த காற்று வேகத்தைத் தின்றுவிடுவதால் பந்து சீக்கிரம் இறங்குகிறது, சுழற்றி அடித்தால் கூடுதலாக வளைகிறது. இதை நான் பாடமாகப் படித்தவள். ஆனாலும் ஊரிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லித் தயார்செய்ய மறந்துவிட்டேன். மாலையில் உட்காரவைத்துச் சொன்னேன். இடது விங்கில் ஆடுபவள் உடனே, "அப்படின்னா இவங்க நம்ம ஊருக்கு வந்தா பந்து எல்லாம் தோட்டத்துக்குள்ள போயிடும்" என்றாள். சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறாள்.

சமதளமும் அவர்களைக் குழப்புகிறது. சரிவில் ஆடிப் பழகிய கால்கள் பந்து கிழக்கே உருளும் என்று எதிர்பார்த்து ஓர் அடி முன்னால் போய் நிற்கின்றன. பந்தோ அடித்த திசையிலேயே நேராகப் போகிறது. தவிர, இது செயற்கைப் புல்தரை. சேற்றுக்காக வாங்கிய ஷூவின் நீண்ட ஸ்டட் (அடிமுளை) இங்கே உதவாது என்று கண்டுகொண்ட தச்சர், கிடங்கைத் திறந்து காட்டினார். வளர்ந்துவிட்ட பிள்ளைகள் விட்டுச்சென்ற ஷூக்கள் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொருத்திக்கும் பொருந்தும் ஷூ கிடைத்தது.

பிள்ளைகளை இன்று மைதானத்திலிருந்து கிளப்ப முடியவில்லை. ஒன்பது மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. ஐந்தரை மணிக்கு இரண்டு பேர் தாமாகவே பையைக் கட்டத் தொடங்கி, பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் களத்துக்குள் ஓடினார்கள்.

மே 17, வெள்ளி

காலையில் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளின் ஆட்டத்தைப் பார்த்தோம். பெரிய களத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு நான்கு சிறிய கோல்கள் வைத்து, பக்கத்துக்கு மூன்று பேராக ஆடுகிறார்கள். கோல் விழுந்ததும் ஆள் மாற வேண்டும். யாரும் நீண்ட நேரம் வெளியே நிற்க வேண்டியதில்லை. இந்த வயதில் புள்ளிப் பட்டியலும் கிடையாது. வரும் பருவத்திலிருந்து இந்த முறை ஜெர்மனி முழுவதும் கட்டாயமாகிறது. இருபத்திரண்டு குழந்தைகளைப் பெரிய களத்தில் இறக்கினால் வலிமையான இருவருடைய காலில் மட்டுமே பந்து இருக்கும் என்ற எளிய கணக்குதான் இதற்கு அடிப்படை.

மைதானம் யாருடையது என்று ஆசிரியையிடம் கேட்டேன். நிலம் ஊராட்சியுடையது; பொறுப்பும் சாவியும் சங்கத்துடையவை. ஏழு உறுப்பினர்கள் இருந்தால் சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம். ஆண்டுச் சந்தா வாங்குகிறார்கள். கோடு போடுவது, வலை தைப்பது, சட்டை துவைப்பது எல்லாவற்றையும் பெற்றோர் முறைவைத்துச் செய்கிறார்கள். இப்படி ஏறத்தாழ 24,000 சங்கங்கள் அவர்களுடைய கால்பந்துச் சம்மேளனத்தில் இருக்கின்றன. உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற நாடு என்பதை எல்லாரும் அறிவோம். சனிக்கிழமை காலையில் சுண்ணாம்பு வண்டி தள்ளும் அப்பாக்களைப் பற்றி நான் இதுவரை எங்கும் படித்ததில்லை.

மே 18, சனி

பெந்தெகொஸ்தே விடுமுறைப் போட்டி தொடங்கியது. அணிக்கு ஏழு பேர், பன்னிரண்டு நிமிட ஆட்டம். முதல் ஆட்டத்தில் 0–3 என்று தோற்றோம். இரண்டாவது 1–1. மூன்றாவது ஆட்டத்தில் நீண்ட உதைகளை அடியோடு விட்டுவிட்டுத் தரையோடு தரையாகப் பந்தைக் கடத்தி 2–0 என்று வென்றோம். இரண்டு கோலும் இடது விங் பெண்ணின் காலிலிருந்து வந்தவை.

மாலையில் சங்கக் கட்டடத்தில் ஒரே ஆரவாரம். இந்த வட்டாரத்து ஸ்டுட்கார்ட் அணி கடைசி ஆட்டத்தை 4–0 என்று வென்று, பாயர்ன் மியூனிக்கைப் பின்னுக்குத் தள்ளி ஜெர்மன் லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தது. முதலிடம் பிடித்த லெவர்குசன் 34 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எங்கள் பிள்ளைகளும் மேசை தட்டி ஆர்ப்பரித்தார்கள்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான் பார்த்தேன், வலது பின்களப் பெண் சன்னல் ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். மூன்று ஆட்டங்களிலும் நான் அவளை இறக்கவே இல்லை. 0–3க்குப் பிறகு வெல்ல வேண்டும் என்ற ஒரே எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. எதிரணிப் பயிற்சியாளர்கள் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, என் கையில் இருந்த ஏழு பேரையே நம்பி நின்றேன். பாட்டியின் தோடு இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது. பிள்ளை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அருகில் போய், "தப்பு என்னுடையது, நாளைக்கு முதல் நிமிடத்திலிருந்து நீ ஆடுகிறாய்" என்றேன். "சரிங்க மிஸ்" என்றாள்.

மே 19, ஞாயிறு

கால் இறுதி. சொன்னபடி அவளை முதல் நிமிடத்திலிருந்து ஆடவைத்தேன், மற்றவர்களையும் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினேன். 1–1 என்று இருந்தபோது, சமதளத்தில் பந்தின் போக்கைத் தவறாகக் கணித்து அவள் காலை நீட்ட, பந்து அவளைக் கடந்துபோய் எதிரணிக்குக் கோலாக முடிந்தது. 1–2 என்று வெளியேறினோம். அணித் தலைவிக்கு என்மேல் கோபம். வேனில் ஏறும்வரை பேசவில்லை. அவளுடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது, அவள் வெல்வதற்காக வந்தவள். நேற்றே எல்லாரையும் ஆடவைத்திருந்தால் வலது பின்களத்துப் பெண் இந்தத் தரையை நேற்றே கற்றிருப்பாள் என்பதும் உண்மை. இரண்டையும் நான்தான் சுமக்க வேண்டும்.

மே 20, திங்கள்

இன்றும் விடுமுறை, கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. சங்கத்தின் முன்னாள் பொருளாளரான எழுபது வயது கடந்த அம்மையார் ஒருவர் பிள்ளைகளைத் தோட்டத்துக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தார். பேச்சு அவருடைய இளமைக்காலத்துக்குப் போனது. 1955இல் ஜெர்மன் கால்பந்துச் சம்மேளனம் பெண்கள் ஆடத் தடை விதித்தது. எந்தச் சங்கமும் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்பதே தடையின் முக்கியமான கூறு. அவர் அறுவடை முடிந்த வயலில் அண்ணன்மாரோடு ஆடியிருக்கிறார். 1970 அக்டோபர் 31 அன்று தடை நீங்கியபோதும், ஸ்டட் வைத்த ஷூ கூடாது, பந்து சிறிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன.

பிறகு 1989. ஆஸ்னபுரூக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் நார்வேயை 4–1 என்று வென்று ஜெர்மன் பெண்கள் முதல்முறையாக ஐரோப்பியக் கோப்பையை எடுத்தார்கள். அதற்குச் சம்மேளனம் கொடுத்த பரிசு ஆளுக்கொரு பீங்கான் காபி செட். நான் தமிழில் சொன்னதும் பிள்ளைகள் கையிலிருந்த கோப்பைகளையே பார்த்தார்கள். "காசு குடுக்கலையா?" என்று தலைவி கேட்டாள். இல்லை என்றார் அம்மையார். அந்த நாட்டுப் பெண்கள் அதற்குப் பிறகு 2003லும் 2007லும் உலகக் கோப்பையை வென்றார்கள், 2016இல் ஒலிம்பிக் தங்கமும் எடுத்தார்கள்.

நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தது மைதானத்தைப் பற்றித்தான். ஆட்டத்தை நிறுத்த நினைத்தவர்கள் மைதானத்தைத்தான் பறித்தார்கள். எங்களுக்கு யாரும் தடை போடவில்லை. ஆனால் எங்களுக்கென்று மைதானமும் இல்லை. தோட்ட நிர்வாகம் ஒருநாள் அந்த நிலத்தில் நாற்று நட்டுவிட்டால் அன்றோடு எங்கள் ஆட்டம் முடிந்தது.

மே 24, வெள்ளி

நேற்று இரவு வீடு சேர்ந்தோம். நல்ல மழை. எல்லாரும் நலம்.

மே 26, ஞாயிறு

பிள்ளைகளும் பெற்றோரும் மைதானத்தில் கூடினோம். நம் தமிழ்நாட்டிலும் சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும் என்று சொன்னேன். இலை எடை போட்டுவிட்டு வந்த தாய்மார் நான்கு பேர், ஒரு கடைக்காரர், நான் என்று ஆறு பேர் பெயர் கொடுத்தோம். ஏழாவதாக வலது பின்களப் பெண்ணின் பாட்டி, "எம்பேரையும் எழுதிக்கங்க டீச்சர், சந்தா எவ்வளவுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்றார். பதிவான பிறகு நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டு நிர்வாகத்துக்கு மனுக் கொடுக்க வேண்டும். அதற்குமுன், மண்ணை எவ்வளவு வெட்டி நிரப்ப வேண்டியிருக்கும் என்ற கணக்கு கையில் இருப்பது நல்லது.

கோல்கீப்பரின் தந்தை கொத்தனார். மட்டம் பார்க்க டியூப்பில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். ஒரு முனையை மேற்கு ஓரத்தில் அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையைத் தலைவி கிழக்கே தேயிலைச் செடிகளின் ஓரம்வரை இழுத்துப் போய்க் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்தாள். தண்ணீர் ஆடி அடங்கும்வரை காத்திருந்து, அளவுநாடாவை வைத்துப் பார்த்தோம். ஓர் ஆள் உயரம் என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்த மேடு 1 மீட்டர் 42 சென்டிமீட்டர்தான். தாளில் குறித்துக்கொண்டு, காட்டுமாடுகள் வருவதற்குள் இறங்கி வந்தோம்.