இரண்டு நிமிடம் பேசக் கிடைத்தது: சியாட்டில் சிட்டி கவுன்சிலில் போலீஸைப் பற்றி

டெக்ஸ்டர் அவென்யூவும் தாமஸ் தெருவும் சந்திக்கிற இடம் என் அலுவலகத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். 2023 ஜனவரி 23 அன்று இரவு, அங்கே பாதசாரிகள் கடக்கும் கோட்டில் நடந்துகொண்டிருந்த ஜானவி கந்துலா மீது போலீஸ் கார் மோதியது. ஆந்திராவிலிருந்து வந்து இங்கே நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தவர். வயது 23. மணிக்கு 25 மைல் மட்டுமே போகலாம் என்ற தெருவில் அந்த அதிகாரி 74 மைல் வரை ஓட்டியிருக்கிறார். யாரோ போதைமருந்து அதிகமாகி ஆபத்தில் இருப்பதாக வந்த அழைப்புக்காகப் போய்க்கொண்டிருந்தாராம். காரின் அவசர விளக்கு எரிந்தது, ஆனால் சைரனைத் தொடர்ந்து ஒலிக்கவிடவில்லை, சந்திப்புகளில் மட்டும் விட்டுவிட்டு ஒலித்திருக்கிறார். மோதிய வேகத்தில் அந்தப் பெண் 138 அடி தூரம் தூக்கி வீசப்பட்டார்.

அப்போதே மனம் கலங்கியது. ஆனால் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது அந்த வருடம் செப்டம்பரில் வெளிவந்த வீடியோ. விபத்தைப் பார்க்கப் போன இன்னொரு அதிகாரி, அவர் போலீஸ் சங்கத்தின் துணைத் தலைவரும்கூட, சங்கத் தலைவரிடம் போனில் பேசியது அவருடைய உடல் கேமராவிலேயே பதிவாகியிருந்தது. சிரித்துக்கொண்டே, பதினோராயிரம் டாலருக்கு ஒரு செக் எழுதினால் போதும், அவளுக்குப் பெரிய மதிப்பெல்லாம் இல்லை என்கிறார். வயதைக்கூட 26 என்று தவறாகச் சொல்கிறார். நானும் ஒரு காலத்தில் மாணவர் விசாவில் இந்த நாட்டுக்கு வந்தவள். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. ஊரில் என்றால் வார்டு கவுன்சிலரைப் பார்ப்போம். அவர் கையில் ரோடும் சாக்கடையும் இருக்கும், போலீஸ் மாநில அரசின் கையில். இங்கே அப்படி இல்லை. சியாட்டில் போலீஸ் நகராட்சியின் ஒரு துறை. அதற்குப் பணம் ஒதுக்குவது, அதற்கான சட்டம் போடுவது, போலீஸ் சங்கத்துடனான சம்பள ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தருவது எல்லாம் ஒன்பது பேர் கொண்ட சிட்டி கவுன்சில். ஏழு பேர் வட்டாரவாரியாக, இரண்டு பேர் நகரம் முழுவதற்கும். எங்கள் வட்டார உறுப்பினர் அனுப்பும் மின்னஞ்சல் செய்திமடலில் என் பெயரைச் சேர்த்துக்கொண்டேன்.

முதல் சில மடல்கள் ஏமாற்றமாக இருந்தன. சமூகப் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் எத்தனை அதிகாரிகள் வேலைக்குச் சேர்ந்தார்கள், எத்தனை பேர் விட்டுப் போனார்கள், 911 அவசர அழைப்புக்கு எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள், எந்தத் தெருவில் எத்தனை திருட்டு என்றே இருக்கும். 2020க்குப் பிறகு 600க்கும் மேற்பட்ட அதிகாரிகள் இந்தத் துறையை விட்டுப் போனார்கள். ஆகவே ஆள் பற்றாக்குறை உண்மையான கவலைதான், அதை நான் அலட்சியமாகச் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்குத் தனியாகப் பஸ்ஸுக்கு நிற்பவள் நான். போலீஸ் வர வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் வருகிற போலீஸ் தவறு செய்தால் யார் கேட்பது என்ற பகுதி மடலின் அடியில் இரண்டு வரியாகவே வரும். அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

போகப் போகத் தெரிந்தது இது. கவுன்சில் உறுப்பினர் ஒரு தனி அதிகாரியைத் தண்டிக்க முடியாது. விசாரணைக்கு என்று போலீஸ் பொறுப்புடைமை அலுவலகம் இருக்கிறது, சுருக்கமாக ஓபிஏ. அதன் இயக்குநர் போலீஸ்காரர் அல்ல, சிவிலியன். ஓபிஏ ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மேற்பார்க்க ஒரு தணிக்கை அலுவலகம். மக்கள் தரப்பிலிருந்து பேச ஒரு சமூகக் காவல் ஆணையம். இந்த மூன்றுக்கும் இன்றைய வடிவத்தைக் கொடுத்தது 2017இல் கவுன்சில் போட்ட சட்டம்.

அந்தச் சட்டம் தானாக வந்துவிடவில்லை. 2010 ஆகஸ்டில் ஜான் டி. வில்லியம்ஸ் என்ற பூர்வகுடி மரச் சிற்பியை ஓர் அதிகாரி தெருவிலேயே சுட்டுக் கொன்றார். அவர் கையில் இருந்தது செதுக்குவதற்கான சின்னக் கத்தி. அதன்பின் ஊர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்து மத்திய நீதித் துறைக்கு எழுதின, விசாரணை நடந்தது, 2012இல் நகரம் நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் வந்தது.

ஓபிஏ முடித்த வழக்குகளின் சுருக்கங்களை அவர்களுடைய தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதிகாரிகளின் பெயர் இருக்காது, ஒன்றாம் எண் ஊழியர், இரண்டாம் எண் ஊழியர் என்றே இருக்கும். என் ஆலோசனை, கவுன்சில் உறுப்பினரின் மடலைவிட முதலில் இவற்றில் ஒரு பத்தைப் படியுங்கள். புகார் என்ன, கேமராவில் என்ன தெரிந்தது, எந்த விதி, நிரூபணமானதா இல்லையா என்று வரிசையாக இருக்கும். புகார் வந்த 30 நாளுக்குள் அதை முழு விசாரணைக்கு எடுப்பதா, மேலதிகாரி பேசித் தீர்ப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். விசாரணைக்கு 180 நாள் கெடு. அந்தக் கெடு தாண்டினால் தண்டனை கொடுக்க முடியாமல் போய்விடலாம். ஓபிஏ பரிந்துரைதான் செய்யும், தண்டனையை முடிவு செய்வது போலீஸ் தலைவர். பரிந்துரையைத் தலைவர் ஏற்காவிட்டால் காரணத்தை மேயருக்கும் கவுன்சிலுக்கும் எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

சரி, தலைவர் தண்டித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அங்கேயும் முடிவதில்லை. சங்கத்தின் வழியாக அதிகாரி மேல்முறையீடு செய்யலாம். அது போவது வெளியாள் ஒரு நடுவரிடம். 2014இல் ஓர் அதிகாரி, கைவிலங்கு போட்டுக் காரில் உட்கார வைத்திருந்த பெண்ணின் முகத்தில் குத்தினார். 2016இல் வேலை போனது. 2018இல் நடுவர் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னார். நகராட்சி இதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போய், 2021இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை வாதாடித்தான் அந்தப் பணிநீக்கத்தைக் காப்பாற்றியது. இந்த நடுவர் முறையை மாற்றி, மேல்முறையீடுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி திறந்த விசாரணையாக நடத்த வேண்டும் என்று 2017 சட்டமே சொல்கிறது. ஆனால் சட்டமும் சங்க ஒப்பந்தமும் மோதுகிற இடத்தில் ஒப்பந்தமே மேலே நிற்கும். 2018 ஒப்பந்தத்தில் அப்படித்தான் ஆனது. கண்காணித்த நீதிபதி, பொறுப்புடைமை விஷயத்தில் நகரம் பின்வாங்கிவிட்டது என்று 2019இல் உத்தரவே போட்டார்.

இதையெல்லாம் புரிந்துகொண்ட பிறகு, மடல்களில் நான் தேடியது ஒரே விஷயம்தான்: ஒப்பந்தம் எப்போது வருகிறது.

2024 பிப்ரவரியில், மோதிய அதிகாரி மீது குற்ற வழக்கு இல்லை என்று, சியாட்டில் அடங்கிய மாவட்டமான கிங் கவுண்டியின் அரசு வழக்கறிஞர் அறிவித்தார். பாதுகாப்பைத் தெரிந்தே அலட்சியப்படுத்தினார் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க முடியாதாம். நகர வழக்கறிஞர் அலுவலகம் கவனக்குறைவாக ஓட்டியதாக 5,000 டாலர் அபராத நோட்டீஸ் கொடுத்தது. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள், மே மாதம், ஒப்பந்தம் கவுன்சிலுக்கு வந்தது. 2021 முதல் 2023 வரையிலான மூன்று வருடத்துக்குச் சேர்த்து 23 சதவீதம் சம்பள உயர்வு. மே 14, செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு.

பேசப் பெயர் கொடுப்பது எளிது. நேரில் போகலாம், போனிலும் பேசலாம். கூட்டத்துக்குச் சற்று முன்னால் ஆன்லைனில் பதிவு திறக்கும். குடியுரிமை கேட்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை. எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று குறிக்க வேண்டும், அதை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். நிகழ்ச்சி நிரலில் அந்த மசோதாவின் எண் இருக்கும், அதைப் பேச்சின் முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் அலுவலகத்தில் ஒரு சின்ன மீட்டிங் அறையைப் பிடித்துக்கொண்டு போனில் சேர்ந்தேன்.

முந்தின நாள் என்னோடு வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், "எதுக்குங்க வம்பு, கிரீன் கார்டு வர்ற நேரத்துல பேரு ரெக்கார்டுல ஏறணுமா?" என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். அந்தப் பயம் எனக்கும் தெரியும். நகராட்சி ஊழியர்கள் யாருடைய குடியேற்ற நிலையையும் கேட்கக் கூடாது என்று சியாட்டிலில் 2003 முதலே சட்டம் இருக்கிறது என்று சொன்னேன். "கவுன்சிலில் நாகரிகமாக ஒரு கருத்தைச் சொல்வது இந்த ஊரில் சாதாரண விஷயம், நீங்களும் வாங்க" என்றேன். அவர் பேசவில்லை, ஆனால் கூட்டத்தை வீடியோவில் பார்த்தார்.

என் பெயரைக் கூப்பிட்டதும் நட்சத்திரக் குறியையும் 6ஐயும் அழுத்தினால் மைக் திறக்கும். அப்புறம் நேரம் ஓட ஆரம்பித்துவிடும். பத்து நொடி பாக்கி இருக்கும்போது ஒரு மணிச் சத்தம். பேசுகிறவர்கள் நிறையப் பேர் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடமாகக் குறைத்துவிடுவதும் உண்டு, அதனால் ஒரு நிமிடத்துக்கு ஒன்று, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று இரண்டு பிரதி எழுதி வைத்திருந்தேன். எனக்கு இரண்டு நிமிடம் கிடைத்தது. சம்பள உயர்வை நான் எதிர்க்கவில்லை என்று முதலில் சொன்னேன். டெக்ஸ்டரும் தாமஸும் சந்திக்கிற இடத்தைச் சொன்னேன், அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேன். பிறகு ஒரே கோரிக்கை: 2017இல் நீங்களே போட்ட சட்டத்தின்படி தண்டனை மேல்முறையீடுகளைத் திறந்த விசாரணையாக்குவதை அடுத்த பேச்சுவார்த்தையில் முதல் நிபந்தனையாக வையுங்கள், அப்படி வைப்போம் என்று இன்றைக்கு இந்த அவையில் சொல்லுங்கள்.

யாரும் பதில் சொல்லமாட்டார்கள். அது முறை, அவமதிப்பு இல்லை. பொதுமக்கள் பேசும் நேரத்தில் உறுப்பினர்கள் கேட்பார்கள், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு போனால் மனம் வெறுத்துப்போகாது. ஒப்பந்தம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறைவேறியது. அந்த ஒரே எதிர்ப்பு வாக்கு டாமி மொராலஸுடையது. ஒப்பந்தத்தின் ஒரு வரியைக்கூடக் கவுன்சில் அந்த நிலையில் திருத்த முடியாது. மொத்தமாக ஏற்கலாம், இல்லை மொத்தமாக மறுக்கலாம்.

அதனால்தான் எழுதி வைக்கிறேன்: வாக்கெடுப்பு நாளில் பேசுவது தாமதம். போலீஸ் சங்கத்துடன் பேச்சுவார்த்தை தொடங்குவதற்குக் குறைந்தது 90 நாள் முன்னால், பொறுப்புடைமை முறை எப்படி வேலை செய்கிறது என்று கவுன்சில் ஒரு பொது விசாரணை நடத்த வேண்டும் என்று நகரச் சட்டத்திலேயே இருக்கிறது. நகராட்சி என்ன கேட்கப் போகிறது என்பது இன்னும் முடிவாகாத நேரம் அது. செய்திமடலில் அந்த அறிவிப்பு சின்ன எழுத்தில் வந்தாலும் விடாதீர்கள். ஆட்கள் நிறைந்திருக்க வேண்டிய கூட்டம் அதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது செய்திகளில் வந்ததுதான். சிரித்துப் பேசிய அதிகாரியை 2024 ஜூலையில் அப்போதைய இடைக்காலப் போலீஸ் தலைவர் சூ ரார் வேலையிலிருந்து நீக்கினார். கார் ஓட்டியவரை 2025 ஜனவரியில் நீக்கினார்கள், அந்தப் பெண் இறந்து ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து. ஒரு தவறான பேச்சுக்கு ஒன்றரை வருடம், ஒரு சாவுக்கு இரண்டு வருடம் என்பது ரொம்ப நீளம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த வீடியோ வெளியே வந்ததற்குக் காரணம், போலீஸ் துறையின் ஊழியர் ஒருவரே வேலையின்போது அதைக் கேட்டுவிட்டு மேலே தெரிவித்ததுதான். அந்த முகம் தெரியாத மனிதருக்கு என் மரியாதை.

2025 செப்டம்பரில் நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட் நீதிமன்றக் கண்காணிப்பை முடித்துவைத்தார். பதின்மூன்று வருடம் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்த கண் இனி இல்லை. மிச்சம் இருப்பது அந்த மூன்று அலுவலகங்களும் ஒன்பது கவுன்சில் உறுப்பினர்களும் நாமும்.

நம் ஆட்களுக்கு இரண்டு விஷயம். பக்கத்து ஊர்களான ரெட்மண்டிலும் பெல்வியூவிலும் வீடு வைத்துக்கொண்டு சியாட்டிலில் வேலை பார்க்கிறவர்கள் இது தங்கள் கவுன்சில் இல்லை என்று நினைக்கிறார்கள். வாக்கு இல்லைதான், ஆனால் பேச உரிமை இருக்கிறது. பகல் முழுக்க நடப்பது இந்தத் தெருக்களில்தானே. அடுத்து, உங்களுக்கே நடந்தால்தான் ஓபிஏவில் புகார் கொடுக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவரும் கொடுக்கலாம், பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். இடம், நேரம், கார் எண், அதிகாரியின் பேட்ஜ் எண் ஆகியவற்றை அன்றைக்கே குறித்து வையுங்கள். ஊரிலிருந்து பிள்ளைகள் படிக்க வந்திருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். பேச வேண்டும் என்று தோன்றி, எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தால் என்னிடம் கேளுங்கள். இரண்டு நிமிடப் பேச்சைச் சேர்ந்து உட்கார்ந்து தயார் செய்யலாம்.