வெற்றிலை துப்பிய வண்டி

"உங்க வண்டி வெத்தல போட்டுத் துப்பியிருக்குங்க." வாசலில் கோலம் போடப் போன மனைவி சொன்னாள். போய்ப் பார்த்தால் சிவப்பாக நாலு சொட்டு. 1994 மாடல் ஜெர்மன் கார், பவர் ஸ்டீயரிங் ஆயில். ஒரு வாரமாகவே வண்டியைத் திருப்பும்போது முனகிக்கொண்டுதான் இருந்தது.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் அடியில் எட்டிப் பார்த்துவிட்டு "ரேக் போச்சு, மாத்தணும்" என்றார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன் சக்கரங்களைத் திருப்பிவிடும் பாகம்தான் ரேக். விலையைக் கேட்டதும் எனக்குத்தான் முனகல் வந்தது.

அப்புறம் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவரிடம் போனேன். அவர் ரேக் முனையிலிருந்த ரப்பர் உறையைப் பிதுக்கிப் பார்த்தார். உள்ளே காய்ந்து கிடந்தது. "ரேக் சீல் போயிருந்தா இதுக்குள்ள ஆயில் நிக்கும் தம்பி." எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு என்னை ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருப்பச் சொன்னார். பம்ப்பிலிருந்து வருகிற ஹை பிரஷர் ஹோஸ் நன்றாகவே இருந்தது. கசிந்தது ஆயில் திரும்பிப் போகும் ரிட்டர்ன் ஹோஸ். ரப்பர் விறைத்து, கிளாம்ப் பிடிமானம் விட்டிருந்தது. மேலே கசிந்தது வழிந்து ரேக்கில் வந்து சொட்டியிருக்கிறது.

ஆயில் தாங்கும் ஹோஸ்தான் போட வேண்டுமாம். ரேடியேட்டர் ஹோஸைப் போட்டால் ஊறி உப்பிவிடும். முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, ஸ்டீயரிங்கை இருபது தடவை திருப்பி, ஆயிலுக்குள் புகுந்திருந்த காற்றை வெளியேற்றினோம். தோள் இன்னும் வலிக்கிறது.

இன்று காலை வாசல் சுத்தம். மனைவிதான் நம்பாமல் அட்டை விரித்து வைத்திருக்கிறாள்.