வீட்டுக் கடன்: கூடுதலாகக் கட்டும் பணம் அசலுக்குத்தான் போகிறதா?

40 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்வோம். இஎம்ஐ 34,713 ரூபாய் வரும். முதல் மாதம் கட்டும் 34,713-இல் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது வெறும் 6,380. ஒரு வருடம் தவறாமல் கட்டிவிட்டு ஸ்டேட்மென்ட்டை எடுத்துப் பாருங்கள். கட்டியது 4,16,556 ரூபாய், அசல் குறைந்தது 79,600 சொச்சம். 20 வருடமும் இப்படியே போனால் வட்டி மட்டும் 43.3 லட்சம், அதாவது வாங்கிய கடனை விட அதிகம்.

இதே கடனுக்கு முதல் மாதத்திலிருந்தே இஎம்ஐயோடு 5,000 ரூபாய் சேர்த்துக் கட்டினால் 14 வருடம் 10 மாதத்தில் கடன் முடிந்துவிடும். வட்டி 30.3 லட்சத்தோடு நிற்கும், 13 லட்சம் மிச்சம். மாதாமாதம் முடியாதவர்கள் வருடத்துக்கு ஒரு இஎம்ஐ கூடுதலாகக் கட்டலாம். போனஸ் வரும்போது 34,713 ரூபாயை அப்படியே கடன் கணக்கில் போட்டால் 16 வருடம் 9 மாதத்தில் முடிந்துவிடும், வட்டியில் 8 லட்சத்துக்கு மேல் மிஞ்சும்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் பலிக்க வேண்டுமானால் நீங்கள் கட்டும் கூடுதல் பணம் அசலில் கழிந்தாக வேண்டும், இஎம்ஐயும் பழைய அளவிலேயே இருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இந்த இரண்டு இடத்தில்தான்.

முதலாவது, பணம் எந்தத் தலைப்பில் வரவாகிறது என்பது. ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ கடன் கணக்குக்குப் பணம் அனுப்பினால், சில இடங்களில் அது அடுத்த மாதத் தவணைக்கான முன்பணமாக ஒதுக்கப்பட்டுவிடும். அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது, பணம் சும்மா கிடக்கும். அனுப்பும்போது ‘பார்ட் பேமென்ட்’ அல்லது ‘பார்ட் ப்ரீபேமென்ட்’ என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். அப்படி ஒன்று இல்லாவிட்டால் கிளைக்குப் போய் எழுதிக் கொடுங்கள். மறுநாள் அசல் பாக்கியைப் பாருங்கள். நேற்று 39,20,391 இருந்து நீங்கள் 2 லட்சம் கட்டியிருந்தால் இன்று 37,20,391-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றைக்கே கேளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பின்தேதியிட்டு வட்டியைத் திருத்த வைப்பது பெரும்பாடு.

இரண்டாவது, காலத்தைக் குறைப்பதா, இஎம்ஐயைக் குறைப்பதா என்பது. மேலே சொன்ன 2 லட்சத்தை முதல் வருட முடிவில் கட்டுகிறீர்கள். இஎம்ஐ அப்படியே இருக்கக் காலம் குறைந்தால், மீதமிருந்த 228 தவணை 202 ஆகும், வட்டியில் 7.1 லட்சம் மிச்சம். காலம் அப்படியே இருக்க இஎம்ஐ குறைந்தால், மாதம் 1,771 ரூபாய் கையில் நிற்கும், வட்டியில் மொத்தமே 2 லட்சம்தான் மிச்சம். கட்டியது ஒரே பணம், கட்டியது ஒரே நாள். வித்தியாசம் 5 லட்சம். அந்த 1,771 ரூபாய் வீட்டுச் செலவில் எங்கே கரைந்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் கடிதத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: “இத்தொகையை அசலில் கழிக்கவும். இஎம்ஐ தொகையை மாற்றாமல், கடன் காலத்தைக் குறைக்கவும்.” பிரதியில் முத்திரை வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் கழித்துப் புதிய தவணை அட்டவணையும் கேட்டு வாங்குங்கள்.

எந்தத் தேதியில் கட்டுவது என்று கேட்பவர்கள் உண்டு. பல வங்கிகள் தினசரி பாக்கியின் மேல் வட்டி போடுகின்றன. அங்கே பணம் கைக்கு வந்த நாளே நல்ல நாள். மாத பாக்கியின் மேல் வட்டி போடும் நிறுவனமாக இருந்தால், கணக்கு முடியும் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கு முன்னால் கட்டுங்கள். மிகச் சிறு தொகையை ஏற்காத இடங்களும் உண்டு. அப்போது ஓர் இஎம்ஐ அளவு சேரும் வரை தனிக் கணக்கில் சேர்த்து வையுங்கள்.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் போடக் கூடாது. ரிசர்வ் வங்கி 2012-லேயே இதைச் சொல்லிவிட்டது. நிலையான வட்டிக் கடனுக்கு இந்தச் சலுகை அப்படியே பொருந்தாது, ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

சரி, அந்த 5,000 எங்கிருந்து வரும்? கணக்கை விடக் கடினமான கேள்வி இதுதான். இருவரும் சம்பாதிக்கும் வீட்டில் ஒருவர் கடனை அடைக்கத் துடிக்க, மற்றவருக்குப் பாக்கி எவ்வளவு என்றே தெரியாமல் இருந்தால் மூன்றாவது மாதமே திட்டம் நின்றுவிடும். முதலில் ஒரு தேதியைப் பேசி முடிவு செய்யுங்கள். “சீக்கிரம் அடைச்சிடணும்” என்ற பேச்சு ஒரு தீபாவளிக்குக்கூடத் தாங்காது. “பாப்பா பத்தாவது முடிக்கிறதுக்குள்ள” என்றால் இருவருக்கும் அது கண்ணில் நிற்கும். சம்பளம் வந்த மறுநாளே கூடுதல் தொகை தனிக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கட்டலாம் என்று நினைத்தால் எதுவும் மிஞ்சாது.

மொய், சீர், காதுகுத்து, ஊர்த் திருவிழா என்று வருவதை எந்தத் திட்டமும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். போன வருடம் இவற்றுக்கு எவ்வளவு போனது என்று கூட்டிப் பார்த்து, பன்னிரண்டால் வகுத்து, அதையும் மாதச் செலவாகவே எழுதுங்கள். அப்போதுதான் கடனுக்கு ஒதுக்கிய பணத்தில் கை வைக்க நேராது. பீரோ கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி இரண்டே பத்தி போடுங்கள்: தேதி, அசல் பாக்கி. மாதம் ஒருமுறை இருவரில் ஒருவர் எழுத வேண்டும், மற்றவர் அடுத்த மாதம். முதல் இரண்டு வருடம் எண் நகருவதே தெரியாது. பாக்கி முதல்முறையாக 35 லட்சத்துக்குக் கீழே வரும்போது, சொல்லாமலே இருவர் செலவும் மாறியிருக்கும்.

சம்பளம் வருடாவருடம் கூடும் வேலை என்றால் இன்னும் பலமான வழி ஒன்று இருக்கிறது. மாதம் கட்டும் தொகையை வருடத்துக்கு 5 சதவீதம் உயர்த்துங்கள். முதல் வருடம் 34,713, இரண்டாம் வருடம் 36,449, இப்படியே போனால் 20 வருடக் கடன் 12 வருடமும் சில மாதமும் ஆகும்போது முடிந்துவிடும். பன்னிரண்டாம் வருடத்தில் மாதம் 59,000-க்கு மேல் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கியில் இஎம்ஐயையே உயர்த்தி எழுதிக் கொடுத்தால் பிறகு வேலை போனால் இறக்குவது சிரமம். ஒப்பந்த இஎம்ஐயைத் தொடாமல், அதற்கு மேல் கட்டும் தொகையை பார்ட் பேமென்ட்டாகக் கட்டுவது நல்லது. நெருக்கடி வந்தால் யாரையும் கேட்காமல் நிறுத்திக்கொள்ளலாம்.

கடன் கணக்கில் போட்ட பணம் சாதாரணமாகத் திரும்ப வராது. அதனால் ஆறு மாத வீட்டுச் செலவும் ஆறு இஎம்ஐயும் கையில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கட்டாதீர்கள். கிரெடிட் கார்டு பாக்கி, தனிநபர் கடன் இருந்தால் அவைதான் முதலில். பிஎஃப் பணத்தை எடுத்து அடைக்க வேண்டாம். 2024-25-க்கு அதன் வட்டி 8.25 சதவீதம், அது உங்கள் ஓய்வுக்காலச் சோறு. ஃபிக்சட் டெபாசிட் கதையே வேறு. 7 சதவீத டெபாசிட்டுக்கு 30 சதவீத வரி போனால் கையில் நிற்பது 5-க்கும் கீழே. 8.5 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு அவசரநிதிக்கு மேல் டெபாசிட் வைத்திருப்பது நஷ்டம்தான். கையிருப்பும் வேண்டும், வட்டியும் குறைய வேண்டும் என்பவர்கள் ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் போன்ற ஓவர்டிராஃப்ட் வகைக் கடனைப் பார்க்கலாம். உபரியைப் போட்டு வைத்தால் வட்டி குறையும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுக்கும் பழக்கம் உள்ள வீட்டுக்கு அது ஆகாது.

“வரிச் சலுகை போயிடுமே” என்ற பேச்சு அடிக்கடி வரும். புதிய வரி முறையில் இருப்பவருக்குக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குச் சலுகையே கிடையாது. பழைய முறையிலும் உச்சவரம்பு 2 லட்சம்தான். நம் உதாரணத்தில் முதல் வருட வட்டி 3.37 லட்சம். ஒருவர் பெயரில் மட்டும் கடன் என்றால் வருட வட்டி 2 லட்சத்துக்கு மேல் இருக்கும் வரை முன்கூட்டிக் கட்டுவதால் சலுகையில் எதுவும் குறையாது. இருவரும் உரிமையாளராகவும் கடன்தாரராகவும் இருந்தால் ஆளுக்கு 2 லட்சம் வரை கோரலாம்.

வட்டி ஏறும்போது என்ன நடக்கிறது என்பதும் தெரிய வேண்டும். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4-லிருந்து 6.5 சதவீதம் ஆனது. 6.7 சதவீதத்தில் 40 லட்சத்துக்கு 20 வருட இஎம்ஐ 30,296. வட்டியும் அதே 2.5 ஏறி 9.2 ஆகிவிட்டால் அதே 40 லட்சத்துக்கு மாத வட்டியே 30,667. கட்டுவது வட்டிக்கே போதாது! பல கடன்களின் காலம் ஓய்வு வயதைத் தாண்டி நீண்டது இதனால்தான். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, இப்படி வட்டி மாறும்போது இஎம்ஐயை உயர்த்துவதா காலத்தை நீட்டுவதா என்ற தேர்வைக் கடன்தாரருக்குக் கொடுக்கச் சொன்னது. மீதமுள்ள தவணை எத்தனை என்று காட்டும் காலாண்டு அறிக்கையும் தரச் சொன்னது. அதை எடுத்துப் பாருங்கள். 2025-இல் ரெப்போ 5.25 வரை இறங்கியது. வட்டி இறங்கும்போது இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் கையிலிருந்து ஒரு பைசா கூடுதலாகப் போகாமலே காலம் சுருங்கும். 2019 அக்டோபருக்கு முன் வாங்கிய வங்கிக் கடன் பழைய எம்சிஎல்ஆரிலேயே, அதாவது வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே கணக்கிடும் வட்டியிலேயே, கிடக்கலாம். ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற்ற எவ்வளவு கட்டணம், எவ்வளவு குறையும் என்று கேளுங்கள்.

கடைசித் தவணை கட்டிய பிறகும் வேலை பாக்கி. மூல ஆவணங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறை. கடன் வாங்கியபோது கொடுத்த ஆவணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, தாய்ப்பத்திரம் உட்பட ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்குங்கள். நிலுவை இல்லை என்ற கடிதம் தனி. தமிழ்நாட்டில் கடனுக்காக எம்ஓடி (பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைத்ததைச் சொல்லும் ஆவணம்) பதிவு செய்திருந்தால், அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இதை விட்டுவிட்டால், வீட்டை விற்கப் போகும் நாளில் பழைய கடன் வில்லங்கச் சான்றில் நின்று வழி மறிக்கும். பதிவு முடிந்து சில நாள் கழித்து, எம்ஓடி பதிந்த தேதியிலிருந்து இன்று வரைக்கும் ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். எம்ஓடி பதிவும் அதற்கான ரசீதுப் பதிவும் இரண்டுமே அதில் இருக்க வேண்டும்.