மரமேறிகளுக்கான சங்கிலிவாள் பரீட்சைகள்: இங்கிலாந்தில் நான் கற்றதும் தவறியதும்

பிரேக் போடாத சங்கிலிவாளுடன் (செயின்சா) நாலைந்து காலடி நடந்ததால் என் முதல் பரீட்சை அந்த இடத்திலேயே முடிந்துபோனது. தரையில் கிடந்த பீச் மரத்தண்டில் ஒரு வெட்டைச் சுத்தமாக முடித்திருந்தேன். அடுத்த வெட்டுக்காக, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தண்டின் மறுபக்கத்துக்கு நடந்தேன். மதிப்பீட்டாளர் கையை உயர்த்தினார். வெட்டு எப்படி விழுந்தது என்பதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, முன்கைப்பிடிக்கு எதிரே இருந்த, சங்கிலியை நிறுத்தும் பிரேக்கை மட்டும் விரலால் சுட்டிக்காட்டினார். இந்தத் தொழிலுக்கு வர விரும்பி என்னிடம் விசாரிக்கும் இளையவர்கள் அநேகமாக எந்த வாள் வாங்கலாம் என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். வாளை வாங்குவதற்கு முன், அதை எப்படிக் கையில் வைத்திருப்பது, எப்போது நிறுத்துவது என்பதையே இந்தப் பரீட்சைகள் சோதிக்கின்றன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சான்றிதழ்களைப் பெரும்பாலும் சிட்டி அண்ட் கில்ட்ஸின் என்.பி.டி.சி. பிரிவும் லான்ட்ரா அமைப்பும் வழங்குகின்றன. பாடங்களுக்கு இப்போது நீண்ட அதிகாரப்பூர்வப் பெயர்கள் இருந்தாலும், தொழிலில் இருப்பவர்கள் இன்னும் பழைய குறியீடுகளால்தான் பேசிக்கொள்கிறார்கள். சி.எஸ். 30 என்பது வாளைப் பராமரிப்பதும் கிடைமரத்தை அறுப்பதும், 31 என்பது 380 மில்லிமீட்டர் விட்டம் வரையான மரங்களை வீழ்த்துவது, 38 என்பது கயிற்றில் மரமேறுவதும் மரத்தில் சிக்கியவரை மீட்டு இறக்குவதும், 39 என்பது கயிற்றில் இருந்தபடியே வாளை இயக்குவது. வேலைக் கருவிகள் பற்றிய 1998ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் நடைமுறைக் கோவை, மரத்தை வெட்டுவதற்கோ மரத்தின் மேல் இருந்தோ தொழில்முறையில் சங்கிலிவாளை இயக்குபவர் தகுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நான் தோற்றிய பரீட்சைகளில் பயிற்சி அளித்தவர் வேறு, மதிப்பிட வந்தவர் வேறு. பயிற்சி நாட்களில் பயிற்றுநர் கண்டும் காணாமல் விட்ட சிறு பழக்கங்கள் அந்தப் புதியவரின் கண்ணில் உடனே பட்டுவிடும்.

முப்பதாம் பாடத்தில் நான் அதிக நேரம் செலவிட்டது அரத்தோடுதான், இன்று திரும்பிப் பார்த்தால் அதுவும் போதாது என்று தோன்றுகிறது. சங்கிலியின் அளவுக்கேற்ற வட்ட அரத்தைத் தெரிவு செய்யாவிட்டால் மீதி எல்லாம் வீண். பலரும் தரை வேலைக்குப் பயன்படுத்தும் .325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மில்லிமீட்டர் அரம், மரமேறிகளின் சிறிய வாளில் இருக்கும் தாழ்ந்த பற்கொண்ட 3/8 சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் அரம், பெரிய 3/8 சங்கிலிக்கு 5.2 மில்லிமீட்டர் அரம் என்பது என் பணிப்பெட்டியின் மூடியில் இன்னும் ஒட்டியிருக்கும் கணக்கு. அரத்தை உள்ளிருந்து வெளியாக, 30 பாகைக் கோணம் மாறாமல், தள்ளும்போது மட்டும் அழுத்தி, திரும்பும்போது பல்லில் படாமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தள்ள வேண்டும், ஆனால் மிகத் தேய்ந்த பல்லை முதலில் கண்டுபிடித்து மற்றவற்றை அதன் நீளத்துக்குக் கொண்டுவருவதே முறை. ஒரு பக்கப் பற்கள் நீளமாகவும் மறுபக்கப் பற்கள் குட்டையாகவும் இருந்தால் வாள் நேராக இறங்காமல் வளைந்து போகும். வலக்கைக்காரனான எனக்கு இடப்பக்கப் பற்கள் எப்போதும் மழுங்கலாகவே அமைந்தன. வாளைத் திருப்பி வைத்து, நிற்கும் இடத்தையும் மாற்றிக்கொண்ட பிறகுதான் அது சரியானது.

பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு மேடுதான் பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அது பல்லின் முனையைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். பல் தேயத் தேய அந்த இடைவெளி சுருங்கும். அப்போது அளவுத்தகட்டை வைத்துத் தட்டை அரத்தால் மேட்டைக் குறைக்க வேண்டும். அளவுத்தகடு இல்லாமல் கண்மதிப்பில் அதிகமாகக் குறைத்துவிட்டால் வாள் மரத்தை ஆவேசமாகக் கடித்து, பின்னோக்கி உதைக்கும் ஆபத்தும் கூடும். சங்கிலி கூராக இருக்கிறதா என்று மதிப்பீட்டாளர் கேட்டால் பல்லைத் தொட்டுக் காட்ட வேண்டாம், வெட்டியதில் இருந்து விழுந்ததைக் காட்டினால் போதும். கூரான சங்கிலி சீவல்களாகத் தள்ளும், மழுங்கிய சங்கிலி மாவாக உதிர்க்கும்.

பராமரிப்புப் பகுதியில் வாளைக் கழற்றி, ஒவ்வொரு பாதுகாப்பு உறுப்பையும் பெயர் சொல்லி, அது என்ன செய்கிறது என்று விளக்க வேண்டும். சங்கிலி பிரேக், அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி, பின்கைக் கவசம், விசைப்பூட்டு, அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள், நிறுத்து விசை ஆகியவற்றைப் பாடமாக ஒப்பிக்காமல், கையால் தொட்டுச் சோதித்தபடி சொன்னால் மறக்காது. சங்கிலியைச் சுழற்றும் பற்சக்கரத்தில் தேய்வு 0.5 மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்ற வேண்டும் என்ற கேள்வி எனக்கு இரண்டு முறையும் வந்தது. பெட்ரோலில் எண்ணெய் கலக்கும் விகிதம் 50:1, அதாவது ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். பின்னுதைப்பைப் பற்றிக் கேட்டால், சங்கிலி ஓடும் தகட்டின் மூக்கில் மேற்பாதி எதிலாவது பட்டவுடன் வாள் ஏன் மேல்நோக்கி உங்கள் முகத்துக்கே திரும்புகிறது என்பதை ஒரு துண்டுத்தாளில் வரைந்து காட்டலாம். நான் அப்படித்தான் காட்டினேன்.

காற்சட்டை விஷயத்தில் பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. சங்கிலிவாள் காற்சட்டை வாளைத் தடுக்கும் கவசத் தகடு அல்ல. அதற்குள் இருக்கும் நீண்ட இழைகள் உருவப்பட்டு, பற்சக்கரத்தில் சுற்றி, சங்கிலியை நிறுத்துகின்றன. வகுப்பு 1 என்று குறிக்கப்பட்ட காற்சட்டை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் சோதிக்கப்படுகிறது, ஆனால் முழு வேகத்தில் ஓடும் பல வாள்களின் சங்கிலி அதைவிட விரைவாகச் செல்லும். தரை வேலைக்கு முன்பக்கம் மட்டும் பாதுகாக்கும் ஏ வகை போதும். மரத்தில் கால் எந்தப் பக்கமும் திரும்பக்கூடும் என்பதால் அங்கே காலைச் சுற்றிலும் பாதுகாக்கும் சி வகை தேவை. முப்பதுக்கென்று ஏ வகையை வாங்கி, சில மாதங்களில் முப்பத்தொன்பதுக்கென்று மறுபடியும் பணம் கொடுத்தவன் நான். மரமேறத்தான் போகிறீர்கள் என்றால் முதலிலேயே சி வகையை வாங்கிவிடுங்கள், கோடையில் அது கொஞ்சம் வேகவைக்கும்.

முப்பத்தொன்றாம் பாடம் எனக்கு எளிதாகப் போனதால் அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விழும் திசையில் ஆப்பு வடிவில் இடும் வாய்வெட்டு விட்டத்தில் நாலில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை, வெட்டாமல் விடவேண்டிய பிணைச்சல் (மரம் கீல்போல் மடிந்து விழ உதவும் பகுதி) விட்டத்தில் பத்தில் ஒன்று, தப்பிச் செல்லும் பாதை பின்பக்கமாக 45 பாகையில். வெட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பாதையில் நடந்து பார்த்து, காலில் இடறும் கொப்புகளை அகற்றிவிடுங்கள். பிணைச்சலை ஒருபோதும் முழுதாக வெட்டாதீர்கள், மரத்தை நேராக விழவைப்பது அதுதான்.

முப்பத்தெட்டுக்கு வாளே தேவையில்லை, ஆனால் நான்கு பாடங்களிலும் என்னை அதிகம் சோர்வடையச் செய்தது அதுவே. எங்கள் ஊரில் பனையேறுபவர்கள் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அங்கே உடலின் பிடிதான் எல்லாம். இங்கே உடல் கயிற்றில் அமர்ந்திருக்க, கையும் காலும் நகர்வதற்கு மட்டும் பயன்படுகின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல் முதல் வாரம் முழுவதும் கைவலியோடு கொப்புகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். உடலைக் கயிற்றோடு இணைக்கும் இடுப்புவாரில் நம்பி உட்காரப் பழகிய நாளில்தான் ஏறவே தொடங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

ஏறுவதற்கு முன் சோதிக்கும் பகுதியில் மதிப்பீட்டாளர் அவசரப்படுத்த மாட்டார், நீங்களும் அவசரப்படாதீர்கள். கயிற்றை முழு நீளமும் கைக்குள் ஓடவிட்டு, மென்மையான இடம், தடித்த இடம், உருகிப் பளபளக்கும் இடம் ஆகியவற்றைத் தேட வேண்டும். இடுப்புவாரின் தையல்களையும், தானாகப் பூட்டும் கரபினர்களின் (கயிற்றையும் வாரையும் இணைக்கும் உலோக வளையங்கள்) வாய் முழுதாக மூடிக்கொள்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். மனிதரைத் தூக்கும் கருவிகளைத் தகுதியுள்ளவர் ஒருவர் 6 மாதத்துக்கு ஒருமுறை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது தூக்குக் கருவிகள் பற்றிய 1998 விதி. அந்தப் பதிவேட்டில் இருக்கும் தொடர் எண்ணும் உங்கள் கரபினரில் பொறித்த எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்டபோது என்னுடன் தோற்றிய ஒருவர் விழித்துப்போனார். 2020இல் வெளிவந்த மரவேலை நடைமுறைக் கோவைக்குப் பிறகு, மரத்தில் தனித்தனி நங்கூர இடங்களில் கட்டிய இரண்டு கயிறுகளில் ஏறுவதே இங்கு வழக்கம். புருசிக், பிளேக் போன்ற, எடை ஏறியதும் கயிற்றை இறுகப் பிடிக்கும் உராய்வு முடிச்சுகளைப் போட்டவுடன் தரைக்குச் சற்று மேலே முழு எடையையும் அதில் ஏற்றிச் சோதிக்காமல் உயரம் போகக்கூடாது.

மீட்புப் பகுதியில் மேலே ஏறுவது பாதி வேலைதான். ஓடிப்போய் ஏறத் தொடங்குபவரைத் தடுத்து நிறுத்துவதற்காகவே அந்தச் சோதனை அமைந்திருக்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. முதலில் மேலே இருப்பவரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும், மின்கம்பி, தொங்கும் கொப்பு, ஓடிக்கொண்டிருக்கும் வாள் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், 999க்கு அழைத்து இடத்தின் குறியீட்டைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே ஏற வேண்டும்.

முப்பத்தொன்பதில் கைக்கு வருவது மேற்கைப்பிடி வாள். சிறியது, இலகுவானது, ஒற்றைக் கையால் பிடித்து வெட்டிவிடலாம் என்ற ஆசையைக் கிளப்புவது. அந்த ஆசைக்கு இடம்கொடுத்தால் தேர்ச்சி பெற முடியாது. வெட்டுவதற்கு முன் ஏறும் கயிற்றோடு, இடுப்புவாரில் இணைத்த பட்டையையும் மரத்தில் சுற்றிக்கட்டி, வசதியாக நின்று, இரு கைகளாலும் பிடித்து வெட்டக்கூடிய நிலைக்கு உடலைக் கொண்டுபோவதில்தான் நேரத்தில் பாதி கழிகிறது. இடம் சரியாக அமையவில்லை என்றால் வாளைத் தொங்கவிட்டு, இழுத்து அறுக்கும் கைவாளை எடுங்கள். அதனால் புள்ளிகள் குறையாது. இறுகிய கயிற்றில் அந்தக் கைவாள் பட்டால் கணத்தில் அறுந்துவிடும் என்பதால், வேலை முடிந்தவுடன் அதை உறைக்குள் திரும்பப் போடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். காலில் கட்டி மரத்தில் குத்தி ஏறும் குதிமுள்ளை முழுதாக வெட்டி அகற்றப்போகும் மரத்தில் மட்டும் அணிய வேண்டும், உயிரோடு விடப்போகும் மரத்தில் அது ஒவ்வோர் அடிக்கும் ஒரு காயம்.

வாய்மொழிக் கேள்விகளில் ஏறக்கூடாத மரத்தைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள். பிரிட்டனில் 2012இல் உறுதி செய்யப்பட்ட ஆஷ் மரக் கருகல் நோயைத் தெரிந்துவைத்திருங்கள். அந்தப் பூஞ்சை தாக்கிய மரம் எதிர்பாராத விதத்தில் முறியும் அளவுக்கு நொறுங்குதன்மை கொள்கிறது. அப்படிப்பட்ட மரத்தில் ஏறாமல் தூக்குமேடை வண்டியைக் கேட்பேன் என்று நான் சொன்னதும் மதிப்பீட்டாளர் அடுத்த கேள்விக்குச் சென்றுவிட்டார்.

வாங்குவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயிற்சி நிலையம் வாளும் கயிறும் கொடுக்கும் என்றால் 38 முடியும் வரை ஹெல்மெட், காலணி, காற்சட்டை தவிர வேறெதையும் வாங்காதீர்கள், இடுப்புவாரை மட்டும் பலரிடம் இரவல் வாங்கித் தொங்கிப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பழைய ஏறுகயிற்றை யாராவது மலிவாகத் தந்தால் ஏறுவதற்கு ஏற்காதீர்கள். என் முதல் கயிறு ஆறுமாதப் பரிசோதனையில் தள்ளப்பட்டபோது, யாரும் தவறுதலாக அதில் ஏறிவிடாதபடி ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டினேன். அதில் ஒரு துண்டு இப்போதும் வண்டியில் கிடக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு, பார்க்காமல், மழையில் நனைந்த கயிற்றில் முடிச்சுப்போட முடிகிறதா என்று புதிதாக வருபவர்களைச் சோதிக்க அதுதான் பயன்படுகிறது.