இஸ்திரி போட்ட பாஸ்போர்ட்

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைமீறி, குறுக்குத்துறை முருகன் கோயிலை மூழ்கடித்து, திருநெல்வேலி சந்திப்புப் பகுதிக்குள் புகுந்தபோது, எங்கள் வீட்டுப் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்களோடு என் பாஸ்போர்ட்டும் நனைந்தது. காய்ந்தபின் தாள்கள் நெளிந்திருந்தனவே தவிர, புகைப்படமும் எண்ணும் தெளிவாகவே இருந்தன. அத்துடன் விட்டிருக்கலாம். என் அத்தை, பாசம் மிகுந்து, மேலே ஒரு துணியை விரித்து இஸ்திரிப் பெட்டியால் அதை நிமிர்த்தப் பார்த்தார். விவரப் பக்கத்தின் பிளாஸ்டிக் உறை கீழ் மூலையில் நகம் நுழையும் அளவுக்கு எழும்பிக்கொண்டது.

மாசியில் தங்கையின் பிரசவத்துக்காகத் துபாய்க்குப் புறப்பட்டேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் முன்பதிவைச் சரிபார்த்த பெண் பாஸ்போர்ட்டைக் கருவியில் மூன்று முறை இழுத்தும் அது படிக்கவில்லை. விவரப் பக்கத்தின் அடியில், கருவி படிப்பதற்கென்றே வரிக்கு 44 எழுத்துகளாக இரண்டு வரிகள் உண்டு. இரண்டாம் வரியில் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஒவ்வொன்றையும் அடுத்து, அதிலிருந்தே கணக்கிட்டுப் பெற்ற சரிபார்ப்பு இலக்கம் ஒன்று நிற்கும். ஓர் எழுத்து மங்கினாலும் கணக்கு உதைக்கும்; நம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதைக் கருவி பொருட்படுத்தாது.

அவர் எழும்பிய மூலையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மேலதிகாரியை அழைத்தார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. போய் இறங்கும் நாடு பயணியை ஏற்க மறுத்தால், அவரைத் திருப்பி அழைத்துவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில்தான் விழும். படத்தைத் தனியே எடுத்து மாற்றி ஒட்டியிருக்கலாம் என்ற சந்தேகமும், உறை பிரிந்த பாஸ்போர்ட்டின்மீது இயல்பாகவே எழும். அரைமணி நேரத்துக்குப் பின், திருப்பி அனுப்பப்பட்டால் பொறுப்பு என்னுடையதே என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுமதித்தார்கள். அந்தத் தாள் அவர்களைக் காக்குமே அன்றி என்னைக் காக்காது என்பது விமானத்தில் உட்கார்ந்த பிறகே உறைத்தது. துபாயில் விவரங்களைக் கையால் தட்டச்சு செய்து உள்ளே விட்டார்கள். அது என் அதிர்ஷ்டம்.

ஊர் திரும்பியதும் திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்தில் மறுவழங்கலுக்கு விண்ணப்பித்தேன். காலாவதியானதைப் புதுப்பிக்க 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய்தான். சேதமடைந்ததற்கு 3,000 ரூபாய், அதோடு எங்கே, எப்படிச் சேதமடைந்தது என்ற உறுதிமொழிப் பத்திரம். அதில் வெள்ளத்தை எழுதினேன். இஸ்திரிப் பெட்டியையும் மறைக்கவில்லை.

ரத்து முத்திரையோடு திரும்பிய பழையதைப் புரட்டிப் பார்த்த அத்தை கேட்டார்: "நல்லாத்தான இருக்கு, இதுக்குப் போயி எதுக்குல மூவாயிரம் கட்டுன?"